வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள்

வயதுக்கு வந்த மனிதர்களுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரிகிறதா என்று பரீட்சை வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். தொண்டையும் விழுந்தது தெரியாது. குடித்த தண்ணீர் வழி தப்பி நுரையீரலுக்குள் இறங்கினால் சளி கட்டி, ஜுரம் வந்து, ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் நான் 'பாஸ்' போடும்வரை வாயில் ஒரு சொட்டுகூடக் கூடாது. திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு இதை ஜனங்களிடம் சொல்லிப் பாருங்கள்! ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டும் சக பாவிகளுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

புரை

முனிரத்தினம் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறி எங்கள் வார்டுக்கு வந்தார். நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டையில் விரல் வைத்தபடி ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். இருமினால் ஃபெயில். அடுத்த ஸ்பூனிலேயே கண்ணில் நீர் முட்ட இருமினார்.

நான் ஸ்பூனைக் கீழே வைப்பதற்குள் அவர் மனைவி தனலட்சுமி ஓடிவந்து உச்சந்தலையில் நாலு தட்டு தட்டினார். இது ஆபத்தான இருமல் என்றேன். அவர் முகத்தில் ஒரே பூரிப்பு. "பொரை ஏறிக்கிச்சி மேடம், அவ்ளோதான். மெட்ராஸ்ல கீற எங்க பொண்ணு நைனாவ நெனைச்சிக்கினு கீது."

இரண்டு மொழி, ஒரு காபி

ஆகாரம் வயிற்றுக்குப் போக மூக்கு வழியாகக் குழாய் போட்டோம். நர்ஸ் சுஜாதம்மா தெலுங்குக்காரர். தனலட்சுமியிடம், "ஏமீ தினிபிஞ்சொத்து" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். தின்ன எதுவும் கொடுக்காதே என்று அர்த்தம். மறுநாள் நான் போகிறேன், முனிரத்தினத்தின் வாய்க்குப் பக்கத்தில் காபி டம்ளர்! பாய்ந்து பிடுங்கினேன்.

நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் ஊரில் காபியையும் 'சாப்பிட'த்தான் செய்வோம். இந்தப் பக்கம் தின்பது வேறு, குடிப்பது வேறு. தெலுங்கிலும் தின்னக் கொடுக்க ஒரு சொல், குடிக்கக் கொடுக்க இன்னொரு சொல். தனலட்சுமி இரண்டு மொழியிலும் என்னை மடக்கினார். "அந்தம்மா தினிபிஞ்சொத்துன்னுதான சொன்னாங்க? தாபிஞ்சொத்துன்னு சொல்லலியே! நான் இன்னா, துன்னவா குடுத்தேன்?"

தீர்த்தம்

முனிரத்தினத்தின் தம்பி ஏகாம்பரம் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி, அண்ணனுக்காக வேண்டிக்கொண்டு தீர்த்தம் வாங்கி வந்தார். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள், அது போதும் என்றேன். பவ்யமாகத் தலையாட்டினார். அத்தனை பவ்யத்தைப் பார்த்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் முனிரத்தினத்துக்கு ஜுரம் கொதித்தது. நெஞ்சில் கொறகொறவென்று சத்தம். ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தனலட்சுமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. ஏகாம்பரத்தைப் பிடித்துக் கத்தினேன். பாவம், அவர் கண் கலங்கக் கைகட்டி நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தண்ணின்னா நானே குடுத்திருக்க மாட்டேன் மேடம். இது சாமி தீர்த்தம், இது எப்பிடி வழி தப்பிப் போவும்?"

கூழ்

நல்லவேளை, ஜுரம் இறங்கியது. கொஞ்ச நாள் தேறவிட்டு மறுபடி பரீட்சை வைத்தேன். தண்ணீரில் ஃபெயில்தான். தண்ணீர் சட்டென்று ஓடிவிடும். கெட்டியாக இருந்தால் தொண்டை சுதாரிக்க நேரம் கிடைக்கும். கட்டியில்லாமல் கேழ்வரகுக் கூழ் கொண்டுவரச் சொன்னேன். பி.பி. ஆசாமி என்பதால் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். தனலட்சுமி பயத்தில் அடியோடு நிறுத்திவிட்டார். இத்தனை நாளும் அவரும் அரை வயிறுதான். கேட்டால், அவரு பாத்துக்கினு இருக்கசொல்ல நான் எப்பிடித் துன்றது என்பார்.

மோவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனியச் சொல்லி ஒரு ஸ்பூன் கொடுத்தேன். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் வழி தப்புவதும் உண்டு. குரல் ஈரமாகக் கொறகொறத்தால் காரியம் கெட்டது. ஏதாவது பேசுங்கள் என்றேன். தனலட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். முனிரத்தினம் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். குழறல் இருந்தது, ஆனால் குரல் சுத்தமாக இருந்தது. "உப்பே இல்லடி."

புருஷன் சமையலைக் குறை சொன்னதற்கு ஒரு மனைவி ஓவென்று சந்தோஷத்தில் அழுவதைப் பார்க்க வேண்டுமென்றால், எங்கள் வார்டுக்குத்தான் வர வேண்டும்.