செம்புப் பாத்திரங்களை மாற்றினோம்

அறுபதுகளின் நடுவில், ஃபோர்ட் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த என் தங்கைக்குக் கை நடுங்கி, பேச்சும் குழற ஆரம்பித்தது. நரம்புத் தளர்ச்சி என்று இரண்டு டாக்டர்கள் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாமவர்தான் அவள் கருவிழியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையத்தைக் கண்டார். உணவில் சேரும் செம்பை வெளியேற்றத் தெரியாத உடம்பு, பரம்பரை நோய், ஈரலிலும் மூளையிலும் செம்பு தங்கிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வாழலாம், நிறுத்தினால் நோய் திரும்பும் என்றார். செம்புப் பாத்திரத் தண்ணீரும் கூடாது.

இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் எங்கள் மாட்டுங்கா வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. தவலையும் குடமும் போய் எவர்சில்வர் வந்தது. அப்பாவின் பூஜைப் பஞ்சபாத்திரத்தில் சண்டை வந்தது.

"பெருமாள் தீர்த்தமும் விஷமாடா உனக்கு?"

"எனக்கில்லேப்பா, அவளுக்கு. வெள்ளியில வெச்சுக்கோங்கோ."

"வெள்ளியாம்! ஜமீன்தார் சொல்றார், கேட்டுக்கோடி," என்றார் அம்மாவிடம்.

தங்கை தேறினாள், வேலைக்கும் போனாள். அடுத்த மழைக்காலத்தில் அவள் வார்த்தைகள் மறுபடி இழுபட்டன. அலமாரியில் கடைசியாக வாங்கிய மாத்திரைப் புட்டி திறக்காமலே இருந்தது.

"எப்போடி நிறுத்தினே?"

"நடுக்கம்தான் நின்னுடுத்தே அண்ணா. வீட்டுல செம்பே இல்லே, அப்புறம் மாத்திரை எதுக்கு?"

"அவளை ஏன் மிரட்டறே? நான்தான் போதும்னேன்," என்றாள் அம்மா. "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, எப்பப் பார்த்தாலும் மருந்தும் கையுமா இருந்தா நன்னாவா இருக்கு?"

பருப்பிலும் தேங்காயிலும்கூடச் செம்பு இருக்கிறது, பாத்திரம் சின்ன விஷயம், மாத்திரைதான் உயிர் என்று எத்தனை தடவை சொல்லியிருந்தேன்! சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் டாக்டரிடம் அம்மா தன் ஹிந்தியில், "கித்னா தின்?" என்று கேட்டாள், எத்தனை நாளைக்கு என்று.

"ஜிந்தகி பர்," என்றார் அவர். ஆயுள் முழுக்க.

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. தங்கைக்கு ஒரு முழு வாழ்க்கை உண்டு என்றுதான் அவர் சொன்னார். அம்மாவின் காதில் அது ஆயுள் தண்டனையாக விழுந்தது.

தங்கை மாத்திரையை மறுபடி தொடங்கினாள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பேச்சு திரும்பியது. வலது கைக்குப் பழைய பலம் திரும்பவில்லை. மருந்தில்லாமல் போன காலம் அதைக் கொண்டுபோய்விட்டது. டைப்பிங்கை விட்டாள். இன்றும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொள்கிறாள், இடது கையால் எழுதுகிறாள்.