கொசுமருந்து வண்டி

பூதலூர் பக்கம் சம்பா அறுத்த வயல் காய்ந்து கெட்டியானதும், ரிமோட் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பொம்மை இல்லை, பெட்ரோலில் ஓடுகிற, ஆட்டுக்குட்டி அளவு பக்கி கார். அங்கே வருகிறவர்களில் மூத்தவர் ஒரு பாய். துபாய் மணலில் ஓட்டிய வண்டியை ஊர் திரும்பும்போது விட மனசில்லாமல் கூடவே கொண்டுவந்தவர். இஸ்திரி குலையாத வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை புழுதி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு, எச்சில் தொட்ட விரலை இன்ஜின்மேல் வைத்துச் சூடு பார்ப்பார்.

கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்கினால் இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல் குறையும். வேகம் கூடும், சூடும் கூடும். பாய் இறுக்கவே மாட்டார். அதனால் அவர் வண்டி புகை கக்கிக்கொண்டு கடைசியில்தான் வரும்.

“பாய், கொசுமருந்து அடிச்சது போதும். கொஞ்சம் ஓட்டியும் காட்டுங்க!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்து இறுக்கினார்.

வண்டி வரப்பைத் தாண்டிப் பறந்தது, எங்கள் எல்லாரையும் முந்தியது. நாங்கள் விசிலடித்து முடிப்பதற்குள் கிறீச்சென்று நின்றது. உள்ளே பிஸ்டன் சூட்டில் இறுகிப்போயிருந்தது.

பாய் நடந்துபோய் விரலை வைத்தார், எச்சில் தொடாமலே. உடனே எடுக்கவும் இல்லை.

“வேற இன்ஜின் போட்டுடலாம் பாய்” என்றேன்.

“பாலைவனத்துல அத்தனை வருஷம் தாங்குச்சு தம்பி. உங்க வாய்க்குத்தான் தாங்கல.”

பிறகு அவர் வரவேயில்லை. இறுக்கினால் என்ன ஆகும் என்று எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் இறுக்கினார்?