சிவப்புக் கயிறு கட்டிய வாரம்

பேராசிரியர் யாகூப் காலமான செய்தி வந்தபோது, சிதம்பரத்தில் என் வீட்டுச் சமையலறையில், அவருக்குக் கொண்டுபோக வேண்டிய பாட்டிலின் கழுத்தில் பச்சைக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய தங்கை ஹாஜிரா. "நானா போயிட்டாங்க சார்," என்றார். பரங்கிப்பேட்டையில் அவர்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அவரை அறிந்த உங்களில் பலர் இந்த நினைவுக் குறிப்பை என்னைவிட நன்றாக எழுதியிருப்பீர்கள். நான் வேதியியல்காரன், அவர் மருந்தியல்காரர். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் வாய்க்கால் ஓரம் வளரும் கழுதைமுள்ளியின் இலையை இளைப்புக்குக் காய்ச்சிக் குடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த இலையில் என்ன இருக்கிறது என்று தேடியதில்தான் எங்கள் இருவரின் வேலைக்காலமும் போனது. இலைச்சாற்றை நான் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாட்டில்களில் கொடுப்பேன். உப்புக் கரைசலில் தொங்கும் கினிப்பன்றியின் மூச்சுக்குழல் துண்டில் அவர் அதைச் சோதிப்பார். இறுகிய குழல் தளர்ந்தால் மருந்து. தளராவிட்டால் வெறும் தண்ணீர்.

சில பாட்டில்களில் நிஜமாகவே வெறும் தண்ணீர்தான் இருக்கும். எது எது என்று அவருக்குத் தெரியக் கூடாது என்பது அவரே வைத்த விதி. ஒருமுறை நான் வாய் தவறி, "இது நல்லா வந்திருக்கு சார்," என்றேன். அந்தப் பாட்டிலை அவர் அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார். "போச்சு. இனிமே என் கண்ணு ஒங்களுக்குத்தான் மச்சான் ஓட்டுப் போடும்," என்றார். அவர் என்னை மச்சான் என்பார். நான் கடைசிவரை சார் என்றே அழைத்தேன்.

முழுக் கஷாயம் குழலைத் தளர்த்தியது. நான் பிரிக்கப் பிரிக்க அந்தக் குணம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிகம் கிடைத்தது. அது ஒன்றுமே செய்யவில்லை. என் கைப்பிழை என்றுதான் நினைத்தேன். திரும்பச் செய்தேன், அதேதான். கட்டுரை எழுதும்போது அந்தப் படிகத்தை விட்டுவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "கெடச்சதச் சொல்லுவோம் மச்சான். புடிச்சதச் சொல்றதுக்கு நாம எதுக்கு?" என்றார். அப்படியே அச்சானது. அதன்பின் எங்கள் வேலையை அதிகம் பேர் கேட்கவில்லை. கடைசி வரியாக 'மேலும் ஆய்வு தேவை' என்று நான் சேர்த்திருந்தேன். என் கட்டுரைகள் எல்லாமே அப்படித்தான் முடியும். "ஒங்க கல்யாணப் பத்திரிகையிலகூட இதப் போட்டிருப்பீங்க," என்று மாணவர்கள் எதிரிலேயே சிரித்தார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கே நுரையீரல் கெட்டது. கடலூர் முதுநகர் வீட்டில், படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே தூங்கினார். ஹாஜிரா அதே இலையைக் காய்ச்சிக் கொண்டுவந்தார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அவர் தந்த மருந்துகளையும் நிறுத்தாமல், குடிக்கச் சம்மதித்தார் யாகூப். ஆனால் பழைய விதிப்படிதான் குடிப்பேன் என்றார். ஒரு வாரம் கஷாயம். மறுவாரம், பார்வைக்கும் நாவுக்கும் அதுபோலவே இருக்கிற ஏதாவது. இரண்டையும் நான் பாட்டிலில் ஊற்றிச் சிவப்பும் பச்சையுமாகக் கயிறு கட்ட வேண்டும். எந்த நிறம் எது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஹாஜிராவுக்குக் கோபம். "நான் காச்சுறத மூடி வச்சிட்டு டீத்தண்ணியக் குடிப்பீங்களா? நல்லாருக்கு நாயம்!"

"ரெண்டையும்தான்மா குடிக்கப் போறேன்."

"இவரு மூஞ்சியப் பாத்தாலே எதுன்னு தெரிஞ்சிடும் நானா. இவருக்கு மறைக்கத் தெரியாது."

"தெரியும். அதான் பாட்டில வாசல்லயே வச்சிட்டுப் போகச் சொல்லப்போறேன்."

அப்படியே நடந்தது. கஷாயத்தை ஹாஜிரா வாராவாரம் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். நான் ரயிலில் முதுநகருக்குப் போய், பாட்டிலை வாசலில் வைத்து மணியை அடிப்பேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வரும். "வந்துட்டீங்களா மச்சான்? ஒண்ணும் சொல்லாதீங்க. போங்க." நடுவில் இருமல். சொன்னபடி திரும்பி வருவேன். ஜனாஸா அடக்கத்தன்று முகத்துத் துணியை விலக்கிக் காட்டியபோதுதான், அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று உறைத்தது.

பாத்திஹா ஓதி முடிந்து நான் கிளம்பும்போது ஹாஜிரா வாசலுக்கு வந்தார்.

"சார், ஒரு செகப்புக் கயிறு வாரத்துல நானா படுத்துத் தூங்குனாங்க. அத்தன நாளைக்கப்புறம் மல்லாந்து படுத்து. அது நம்ம கஷாயந்தானே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். அந்தம்மாளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஒரு வாரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்ற என் பழைய வாக்கியமும் நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் எனக்கு அது வேண்டியிருந்தது.

"மூஞ்சியத் திருப்பாதீங்க சார். சொல்லுங்க."

"இல்லம்மா. செகப்பு நான் போட்ட டீ."

அவர் முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்திக்கொண்டார். பிறகு, "என்னத்தப் போட்டீங்க அதுல?" என்று கேட்டார்.

"டீத்தூளும் வெந்தயமும். கசப்புக்காக."

"வாயில வைக்க முடியலன்னாங்க," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. உள்ளே போய்விட்டார்.

சரியாகத்தான் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை. பச்சைக் கயிறு கட்டிய அந்தக் கடைசிப் பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது. ஹாஜிரா காய்ச்சியது, புளித்துவிட்டது, கொட்ட மனமில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலும் என்னிடம் இருக்கிறது. இந்த நினைவுக் குறிப்பை எழுதி முடிக்கையில், கை தன் வழக்கப்படி கடைசி வரியாக அந்த மூன்று சொற்களை எழுதிவிட்டது. அவரை நினைத்து அடித்துவிட்டேன்.