ஏழாவது கலத்தின் கடைசி வாரம்

விஜிலாவுக்குத் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. துறைமுகத்துக்கு வருகிற சரக்குகளின் சுங்கப் படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் முந்திரிக்கொட்டை, பழைய காகிதம், மரத்தடி, இயந்திரப் பாகம் என்று எங்கெங்கோ உள்ள சாமான்களெல்லாம் அவள் விரல் வழியாகக் கடந்துபோகும். ஒன்றையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. மொசாம்பிக் என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே கை தானாக நின்றுவிடும். பார்வை சன்னலுக்கு வெளியே போய் எதிலும் தங்காமல் இருக்கும். "மேடம் புறப்பட்டாச்சு" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

அவளுக்கு வயது முப்பத்துநான்கு. கணவன் ஜெரால்டு சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறான். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமான பதினொரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அந்தக் கடற்கரையில் பாதி வீடுகள் அப்படித்தான்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது உள்ளூர் கேபிளில் 'ஏழாவது கலம்' என்று ஒரு தொடர் வந்தது. எந்த நாட்டுத் தொடரோ, தமிழில் பேசவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓடிவந்தால் சரியாகத் தொடங்கும். வெல்கா என்ற பெண்தான் கலத்தின் தலைவி. கடைசியாக வந்த வாரத்தில் வெல்கா கலத்துக்கு வெளியே போய் ஆண்டெனாவைச் சரிசெய்துகொண்டிருப்பாள். இடுப்புக் கயிறு அறுந்துபோகும். இருட்டுக்குள் மெல்ல மிதந்து விலகிப் போவாள். "யாருக்காவது கேட்கிறதா?" என்பாள். தொடரும் என்று போட்டார்கள். அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் குக்கர் விளம்பரம் ஓடியது. அதற்கடுத்த ஞாயிறும் குக்கர்தான். அப்புறம் அந்தத் தொடர் வரவேயில்லை. விஜிலா பெரியவளாகி, கல்லூரி முடித்து, கல்யாணம் செய்து, வீடு மாறிய பிறகும் எப்போதாவது தூக்கத்தில் வெல்கா மிதந்துகொண்டிருப்பாள்.

அந்த வருடம் சனவரியில் அலுவலகத்துக்குச் செல்வலட்சுமி வந்து சேர்ந்தாள். ஏரல் பக்கம் ஆற்றங்கரை வயல்காட்டு ஊர். விஜிலாவைவிட இரண்டு வயது இளையவள். முதல் ஒரு மாதம் இருவருக்கும் பெரிய பேச்சில்லை. ஒரு நாள் மத்தியானம் பிரிண்டர் காகிதத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. விஜிலா அதைத் தட்டிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"ஏழாவது கலம், பதில் சொல்லவும். ஏழாவது கலம், பதில் சொல்லவும்."

எதிர் மேசையிலிருந்து ஆண்குரலில் பதில் வந்தது. "ஏழாவது கலம் பேசுகிறேன். மூன்று மணி நேரத்துக்குத்தான் மூச்சு இருக்கிறது."

விஜிலா திரும்பினாள். செல்வலட்சுமி சோற்றுக் கையோடு எழுந்து நின்றிருந்தாள். ஏரல் கேபிளிலும் அதே நாடாக்களைத்தான் ஓட்டியிருக்கிறார்கள். அங்கேயும் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறது.

"அவளுக்கு என்னாச்சுக்கா? ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் இருவத்துநாலு வருசமா தேடுதேன்? இன்டர்நெட்ல எல்லாம் பாத்துட்டேன். அந்தப் பேருல ஒண்ணுமே இல்ல."

"நான் சின்னப்பிள்ளையில ஒரு முடிவு வச்சிருந்தேன்" என்றாள் செல்வலட்சுமி. "அவ மேலருந்து எங்க ஊரு வயல்ல வந்து விழுவா. நடுவை நேரம். எங்கம்மை பாத்துட்டு, 'நல்லதாப் போச்சு, இன்னைக்கு ஒரு ஆளு கொறையுது'ன்னு நாத்துமுடிச்சக் கையில குடுத்து வரிசையில எறக்கிவிட்டுருவா."

விஜிலா சிரித்த சிரிப்பில் மேனேஜர் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். அன்று சாயங்காலம் பேருந்து நிலையம் வரை இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஏரல் பேருந்தில் ஏறின பிறகு செல்வலட்சுமி சன்னல் வழியாகக் கேட்டாள்.

"யக்கா, அந்தக் கடைசி வாரத்த நாமளே எடுத்துருவோமா?"

"போளா கிறுக்கி" என்றாள் விஜிலா. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

செல்வலட்சுமியின் செல்பேசிதான் கேமரா. வெல்காவாக நடிக்க விஜிலா. அலுவலகத்தில் தூக்கிப்போட வைத்திருந்த பழைய கீபோர்டுகள் கலத்தின் கட்டுப்பாட்டு அறையாயின. பார்சலில் சுற்றிவருகிற வெள்ளிநிறக் குமிழ்த்தாளை விஜிலா தையல் மிஷினில் வைத்து உடுப்பாகத் தைத்தாள். நடந்தால் பட்பட்டென்று குமிழ் உடையும். தலைக்கவசத்துக்குத் தண்ணீர் கேன் ஒன்றின் அடியை அறுத்தெடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது விஜிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

வெல்கா வந்து விழுகிற கிரகத்துக்காகச் சாயர்புரம் தாண்டித் தேரிக்காட்டுக்குப் போனார்கள். கண்ணுக்கெட்டிய வரை செக்கச்சிவந்த மணல். காற்று அதில் வரிவரியாகக் கோடு கிழித்திருந்தது. சித்திரை வெயிலில் விஜிலா குமிழ்த்தாள் உடுப்போடு மேட்டிலிருந்து உருண்டு வந்தாள். நான்காவது தடவை உருண்டபோது ஒரு பனை மூட்டின் பக்கத்தில் நின்றாள். அங்கே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பதனிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் செல்லக்கிளி.

"எங்கனருந்து வார தாயி?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. விஜிலா வெல்காவாகவே பதில் சொன்னாள். "ஏழாவது கலத்திலிருந்து வருகிறேன். இது எந்தக் கிரகம்?"

செல்லக்கிளி சற்று யோசித்தார். "கெரகந்தான். வேறென்ன சொல்ல. ஆதார் கார்டு வச்சிருக்கியா?"

"இல்லை."

"அப்பம் ஒனக்கு ரேஷன் கெடையாது. இந்தா, பதனி குடி. வெயிலு ஏறுமுன்ன ஊருக்குப் போய்ச் சேரு."

பனையோலைப் பட்டையில் ஊற்றி நீட்டினார். விஜிலா வாங்கி, தலைக்கவசம் இருப்பதை மறந்து வாய்க்குக் கொண்டுபோக, பதனி முழுக்கக் கேன்மேல் வழிந்தது. செல்வலட்சுமி மணலில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கியதில் படம் ஆடியது. அந்த ஆட்டத்தோடுதான் அந்தக் காட்சி கடைசி வரை இருந்தது. திரும்பி வரும்போது, "அத்த, படம் போடும்போது நீங்க கண்டிப்பா வரணும்" என்று அவருடைய செல்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள்.

கலத்துக்கு வெளியே மிதக்கிற காட்சியைத்தான் எப்படி எடுப்பது என்று தெரியாமல் இருந்தது. ஜெரால்டின் தம்பி ஜெர்சன் கீழவைப்பாரில் சங்கு குளிப்பவன். அவனிடம் விஜிலா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"இதுக்கா மைனி மண்டையப் போட்டு ஒடைக்கிய? தண்ணிக்குள்ள வாங்க. எடையே இருக்காது."

"எனக்கு நீச்சல் தெரியாதே, கொழுந்தா."

அது உண்மை. கடலில் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் பெண்பிள்ளைகளைக் கரையோடு நிறுத்திவிடுவார்கள். முப்பத்துநான்கு வருடத்தில் முழங்காலுக்கு மேல் கடல் அவளைத் தொட்டதில்லை.

ஒரு ஞாயிறு காலையில் வள்ளத்தில் கொஞ்ச தூரம் போனார்கள். காற்று இல்லை, தண்ணீர் தெளிந்து கிடந்தது. இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழம். விஜிலாவின் இடுப்பில் கயிறு கட்டி, அதன் நுனியைச் செல்வலட்சுமி வள்ளத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடித்திருந்தாள். செல்பேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு ஜெர்சன் கீழே இறங்கினான். முதலில் தலைக்கவசம் காற்றை அடக்கிக்கொண்டு அவளை மேலே தூக்கியது. ஓட்டை போட்டார்கள். பிறகு உடுப்பு ஊதிக்கொண்டது. அங்கங்கே கிழித்துவிட்டார்கள். ஐந்து தடவையும் ஐந்தாறு நொடியில் உதைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

ஆறாவது தடவை கயிறு தளர்ந்தது. அவள் உதைக்கவில்லை. மெதுவாகக் கீழே போனாள். காதுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. மேலே வெயில் துண்டுதுண்டாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே பச்சையும் நீலமுமாக எல்லையில்லாமல் ஏதோ விரிந்து கிடந்தது. தன் கை தனக்கு முன்னால் போவதை அவள் பார்த்தாள். அது அவளுடைய கைபோல இல்லை. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்றும், போகிற இடத்தில் தன்னை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றும் அவளுக்குத் தோன்றியது. பயம் எங்கே என்று தேடிப்பார்த்தாள். இல்லை.

ஜெர்சன் பயந்துபோய் அவளை இழுத்து மேலே கொண்டுவந்தான். "பதினெட்டு செகண்டு மைனி! என்ன மைனி இப்பிடிப் பண்ணிட்டிய?"

விஜிலா இருமிக்கொண்டே வள்ளத்து விளிம்பைப் பிடித்தாள். "இன்னொரு வாட்டி" என்றாள்.

கடைசிக் காட்சியில் வெல்காவைக் கூப்பிடத் தாய்க்கலத்தின் குரல் வேண்டியிருந்தது. ஜெரால்டிடம் கேட்போம் என்று விஜிலாவே சொன்னாள். நான்கு வரி எழுதி வாட்ஸப்பில் அனுப்பினாள். கப்பலில் நெட் கிடைப்பது அபூர்வம். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பூசையில் வாசகம் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் நான்கு வரியையும் வாசித்திருந்தான். பின்னால் எஞ்சின் சத்தம் அசல் விண்கலம்போலவே இரைந்தது. வாசித்து முடித்த பிறகும் அவன் அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவன் தன் குரலில் பேசினான்.

"ஏளா விஜி... முந்தாநாளு மேல் டெக்குல போயி நின்னேன். ஒரு வெளிச்சங் கெடையாது. வானம் எது கடலு எதுன்னு தெரியல. நீ இப்பம் என்ன செய்யுதியோன்னு நெனச்சேன்." மறுபடியும் இரைச்சல். "சாப்பிட்டியா?"

போனில் பேசினால் பணம் வந்ததா, வாட்டர் டேங்க் சரியாச்சா என்று கேட்கிறவன். இப்படி அவன் பேசி அவள் கேட்டதில்லை. அன்று பேருந்தில் வீட்டு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

படத்தைக் கோக்கிறபோது செல்வலட்சுமி அதைக் கேட்டாள். முடிந்ததும் செல்பேசியை விஜிலா பக்கம் நகர்த்தினாள். "அக்கா, இது ஒங்களுக்கு வந்தது. வைக்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

விஜிலா இரண்டு நாள் யோசித்தாள். கடைசிச் சொல்லை மட்டும் படத்துக்குக் கொடுத்தாள். மற்றதைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், கீழவைப்பார் மீன் ஏலக்கூடத்தைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கிப் படம் போட்டார்கள். ஞாயிறென்றால் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. மறைக்கல்வி வகுப்பின் புரொஜெக்டரை ஜெர்சன் வாங்கி வந்திருந்தான். செல்லக்கிளி இரண்டு பேருந்து மாறி, புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மொத்தம் பதினொரு நிமிடம். ஆதார் கார்டு கேட்ட இடத்தில் கூட்டம் கைதட்டியதில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. "நாந்தான், அது நாந்தான்" என்று செல்லக்கிளி திரும்பித்திரும்பிச் சொல்லிக்கொண்டார்.

வெல்கா மிதந்து விலகுகிற காட்சி வந்தது. அது தினம் தாங்கள் போகிற கடல்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் வெல்கா செல்வலட்சுமியின் ஊர் வயலில் சேற்றுக்காலோடு நாற்று நடுகிறாள். இடுப்பில் செருகிய கருவி இரைகிறது. தாய்க்கலம் கேட்கிறது: "கேப்டன், உங்கள் இருப்பிடத்தைத் தெரிவிக்கவும்... சாப்பிட்டியா?"

ஆண்கள் சிரித்தார்கள். பெண்களும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். "எம்மவன் கப்பல்லருந்து இதத்தான் கேப்பான்" என்று யாரோ இருட்டில் சொன்னார்கள்.

யூடியூபில் போட்டதை முந்நூறு சொச்சம் பேர் பார்த்தார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒரு கண்டக்டர், தானும் அந்தக் குக்கர் விளம்பரத்தைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அந்தத் தொடரின் அசல் பெயரையும் உண்மையான முடிவையும் நீளமாக எழுதிப்போட்டார். செல்வலட்சுமி முழுக்கப் படித்தாள்.

"சொல்லட்டாக்கா?"

"வேண்டாம்ளா. எனக்கு முடிஞ்சிபோச்சு."

மார்கழியில் ஜெரால்டு வந்தான். படத்தைப் பார்த்துவிட்டு, காதெல்லாம் சிவக்க, "நான் பேசினத பூராவும் போட்டுட்டியோன்னு பயந்தே போனேன்" என்றான். பிறகு, "கடலுக்கடியில அப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டான். கப்பல் வேலைக்காக நீச்சல் பழகியவன்தான். அதுவும் குளத்தில். பதினொரு வருடம் கடல்மேல் போனவன் ஒரு நாளும் அதற்குள்ளே கண்ணைத் திறந்து பார்த்ததில்லை.

விஜிலா அதற்குள் ஞாயிறுதோறும் ஜெர்சனிடம் நீந்தப் பழகியிருந்தாள். கடல் தெளிகிற வரைக்கும் காத்திருந்து, ஜெரால்டு மறுபடி கப்பலேறுவதற்கு முந்தின வாரம் அவனை வள்ளத்தில் அழைத்துப்போனாள்.

"மூச்ச நெறையா இழுக்காண்டாம். பாதி போதும்" என்று சொல்லிக்கொடுத்தாள். "கண்ணத் தொறந்தா மொதல்ல எரியும், அப்புறம் சரியாயிரும். எங்கையப் பிடிச்சிக்கிடுங்க."

இருவரும் இறங்கினார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். அவள் அவன் தோளைத் தட்டினாள். அவன் கண்ணைத் திறந்தான்.