அம்மா எதையும் மெல்லவில்லை

நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. கண்டோன்மென்ட் அருகிலுள்ள எங்கள் தேவாலயத்தில் தமிழ்த் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாவின் வாய் ஓயாமல் அசைந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

“வாயில என்னம்மா வெச்சிருக்க? பூசையிலயுமா?”

“ஒண்ணும் இல்ல பாப்பா.”

“ஒரு வாரமா பார்க்கிறேன், மென்னுட்டே இருக்க. துப்பிட்டு வா.”

அம்மா சிறுபிள்ளையைப் போல வாயைத் திறந்து காட்டினார். உள்ளே எதுவும் இல்லை. நாக்கு மட்டும் தானாக நெளிந்துகொண்டிருந்தது.

“நிறுத்தும்மா.”

“நிக்க மாட்டேங்குதே,” என்றார்.

சர்க்கரை நோயால் அம்மாவின் செரிமானம் மந்தமாகி, எதைச் சாப்பிட்டாலும் குமட்டும். அதற்காக மருத்துவர் ஒரு மாதத்துக்கு மட்டும் மாத்திரை எழுதி, முடிந்ததும் திரும்ப வரச் சொல்லியிருந்தார். குமட்டல் நின்றுவிட்டதால் நான் அழைத்துப் போகவில்லை. பழைய சீட்டையே மருந்துக்கடையில் நீட்டி, ஓராண்டாக அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்துவந்தேன்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகாமல் அம்மாவை அந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

“இந்த மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டா வாய் இப்படித் தானா அசைய ஆரம்பிக்கலாம். உடனே நிறுத்திடுவோம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்,” என்றவர், “யாரு தொடர்ந்து சாப்பிடச் சொன்னது?” என்று கேட்டார்.

“நானேதான் டாக்டர்,” என்று அம்மா முந்திக்கொண்டார்.

“இல்ல டாக்டர், வாங்கிக் கொடுத்தது நான்,” என்றேன். மருத்துவரைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.