எஃப்ளுவென்ட்

ஆபீஸ் கழிவறையை இன்று யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் ஆரணியில் அப்பா நடத்திய சாயப்பட்டறை நினைவுக்கு வந்துவிட்டது. கொதிக்கும் தொட்டிகளின் ஆவியில் சுவர்கள் எப்போதும் வியர்த்திருக்கும். பட்டு நூலை அலசிய தண்ணீர் ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் எங்கள் வாசலைத் தாண்டி ஓடைக்குப் போகும். ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் வீட்டுக்குள் அதே நெடிதான்.

நான் எட்டாவது படித்தபோது அரசாங்கத்திலிருந்து பட்டறைக்கு ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. 'எஃப்ளுவென்ட்' என்ற சொல் அதில் நான்கு இடங்களில் இருந்தது.

"இன்னாம்மா போட்டுகினு கீறாங்க?" என்றார் அப்பா. வேலையாட்களும் என்னையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"நாம வசதியானவங்கன்னு போட்டிருக்காங்கப்பா."

அப்பா சிரித்தபடி நோட்டீஸை மடித்து வைத்தார். மறுநாள் பள்ளி அகராதியைப் புரட்டினேன். வசதி படைத்தவர் என்ற பொருள் 'அஃப்ளுவென்ட்' என்கிற வேறு சொல்லுக்கு. நோட்டீஸில் இருந்த சொல்லுக்குப் பட்டறையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் என்று பொருள். அதை ஓடையில் விட்டால் பட்டறையை மூடிவிடுவோம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் தொட்டியருகே போய் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா நூலைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"நோட்டீஸ் கொடுத்தவரே விஷயத்த சொல்லிட்டுத்தாம்மா போனாரு. நீ படிக்கறத கேக்கலாம்னுதான் உன்னாண்ட கேட்டேன். நீ பயந்துகினு நின்ன, அதான் சிரிச்சேன்."

பிறகு வாசலில் ஓடிய சாயத் தண்ணீரைப் பார்த்து, "இத்த வேற எங்க கொண்டுபோய் ஊத்தறது, நீயே சொல்லு" என்றார். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பவர் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.