பெரியப்பா கழற்றிய ஆணி

என் பெரியப்பா தன் வாழ்நாளில் ஒரேயொரு பொய்தான் சொன்னார். அதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த தேவாலயத்தின் முன்வாங்கில் இருக்கும் மனிதர். தையல் மிஷின் திருத்தக் கொண்டுவருகிறவர்களிடம், "உது இனிச் சரிவராது, கொண்டுபோங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லியே பாதி வாடிக்கையை இழந்தவர். அப்படிப்பட்டவர் பொய் சொன்னதை எட்டு வயதில் என்னால் பொறுக்க முடியவில்லை.

சண்டை முடிந்தபோது நான் கைக்குழந்தை. அதனால் எனக்குத் தெரிந்த அரியாலை அமைதியான ஊர். அப்பா நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஓட்டப் போட்டியைத் தொடக்கிவைக்க அங்கே ஒரு சின்னப் பிஸ்ரல் இருந்தது. குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். எத்தனையோ வருடமாக அலுமாரியில் கிடந்த அதன் பக்கத் தகட்டு ஆணியை யாரோ பெரிய ஸ்குறூ டிரைவரால் முறுக்கியதில் தலை முறிந்து, மிச்சம் உள்ளே இறுகிவிட்டது. தகடு ஆடியதால் பிஸ்ரல் வெடிக்கவில்லை. போன வருடம் விசில் ஊதித்தான் எங்களை ஓடவிட்டார்கள். நான் கடைசி. விசில் எனக்குக் கேட்கவில்லை என்பது என் கட்சி. "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார் அம்மா. ஆகவே இந்த வருடம் அந்தப் பிஸ்ரல் வெடித்தே ஆகவேண்டும், என் மானம் அதில்தான் இருந்தது.

போட்டிக்கு முதல்நாள் காலை அப்பா அதிபரின் கடிதத்தோடு பிஸ்ரலையும் இரண்டு சத்தத் தோட்டாக்களையும் பெரியப்பா வீட்டில் கொடுத்துவிட்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடப் போய்விட்டார். அம்மாவும் நானும் அங்கேயே நின்றோம். பெரியம்மா வழக்கம்போல முன்னறைப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சீருடை போட்ட ஒரு பையனின் படம். பெரியப்பாவின் அதே மூக்கு, அதே விரிந்த காது.

பெரியப்பா விறாந்தை மேசையில் பழைய துவாயை விரித்துப் பிஸ்ரலைக் கழற்றினார். முறிந்த ஆணியின் மேல் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார். பிறகு தடித்த மிஷின் ஊசியை அதன் விளிம்பில் சரித்து வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். டொக், டொக். இடப்பக்கமாக, மயிரிழை மயிரிழையாக.

"பிள்ளை, ரோச் வெளிச்சத்தை ஆட்டாமல் பிடி. மூச்சு விட்டாலும் அங்காலை திரும்பி விடு."

மூன்று ஊசிகள் உடைந்தன. நாலாவது ஊசிக்கு ஆணி அசைந்தது. இறால் முட்டைபோல ஒரு துண்டு வெளியே வந்தது. அதைத் துடைத்து, கூலி என்று என் உள்ளங்கையில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். தகர டப்பாவைக் கிளறி அளவான ஒரு மிஷின் ஆணியை எடுத்துப் பூட்டினார். ஒரு தோட்டாவைப் போட்டார். யாருக்கும் ஒரு சொல் சொல்லாமல், முற்றத்தைப் பார்த்து விசையை அமத்தினார்.

அவ்வளவு பெரிய சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. காது அடைத்துப்போயிற்று. திரும்பிப் பார்த்தால் ஒருவரையும் காணவில்லை.

கிணற்றடியில் நின்ற அம்மா கிணற்றுக்கட்டின் பின்னே குப்புறக் கிடந்தார். ஒழுங்கையில் வந்த மீன்காரரின் சைக்கிள் விழுந்து சில்லுச் சுற்றிக்கொண்டிருந்தது, மீனெல்லாம் மண்ணில், அவர் வாய்க்காலுக்குள். சுட்ட பெரியப்பாவே மேசைக்குக் கீழே கிடந்தார், கையில் பிஸ்ரலோடு. ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தார்கள், பெரியப்பா மட்டும் ஒரு கையால். பள்ளிக்கூடத்தில் பழக்கிய தேகப்பயிற்சிபோல எல்லோரும் ஒரேமாதிரிக் கிடந்தார்கள். நான் மட்டும் ரோச்சோடு நட்டுவைத்த மரமாய் நின்றேன். அம்மா தவழ்ந்து வந்து காலைப் பிடித்து இழுத்து என்னை விழுத்தி, என் மேல் படுத்தார். அவருடைய நெஞ்சு அடித்தது என் முதுகில் தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

பெரியம்மா மட்டும் ஓடினார். வீட்டுக்குள்ளிருந்து குனிந்தபடி பின்வளவுக்கு ஓடி, வாழைகள் நின்ற இடத்தில் முழங்காலில் விழுந்தார். முந்தி அந்த இடத்தில் ஷெல்லடிக்கு ஒளிகிற பங்கர் இருந்ததாம், மூடிவிட்டு வாழை வைத்தார்களாம். அவர் மண்ணைக் கையால் விறாண்டினார்.

"மோனை, உள்ளுக்கை இறங்கடா. கெதியா இறங்கு மோனை."

எனக்குத் தெரிந்து பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. யாரை இறங்கச் சொல்கிறார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

பெரியப்பா மேசைக்குக் கீழிருந்து வந்து வாழையடிக்குப் போனார். "அது நான். நான்தான் வெடிச்சனான். ஒண்டுமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியம்மா அவரை யாரோ எவரோ என்பதுபோலப் பார்த்தார். பெரியம்மாவைத் தூக்கி நிறுத்திக் கூட்டிவரக் கனநேரம் எடுத்தது. பிறகு பெரியப்பா மேசையில் வந்து இருந்து, பூட்டிய ஆணியைத் திரும்பக் கழற்றித் தகர டப்பாவுக்குள் போட்டார்.

மத்தியானம் அப்பா வந்தார்.

"உது வராது தம்பி" என்றார் பெரியப்பா. "ஆணி நல்லாய் இறுகிப்போச்சு. நாளைக்கும் விசிலை ஊது. பிள்ளையள் விசிலுக்கும் ஓடுவினம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெடிச் சத்தத்துக்குக்கூட நான் அப்படி அதிரவில்லை. ஓடிப்போய் அப்பாவின் முன்னால் கையை விரித்தேன். முறிந்த ஆணி என் உள்ளங்கையில் இருந்தது.

அப்பா ஆணியைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். நகத்துக்குள் மண்ணோடு படியில் இருந்த பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடிவிட்டு, "ஓம் அண்ணை, விசில் இருக்குத்தானே" என்றார்.

அடுத்தநாள் விசிலுக்குத்தான் ஓடினேன். நாலாவதாக வந்தேன், ஓடியது ஐந்து பேர். அன்று முழுவதும் பெரியப்பாவோடு கதைக்கவில்லை. அவர் வீட்டு முன்னறையில் உம்மென்று இருந்து, சுவரில் இருந்த சீருடைப் பையனைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: பெரியப்பா சின்னனில் நல்ல பிள்ளையாய்த்தான் இருந்திருக்கிறார், பெரியாளாய் வந்துதான் பொய் சொல்லப் பழகியிருக்கிறார்.